ஆல்பிரட் பினேயும் பின்தங்கிய பிள்ளைகளும்

ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர் ஒருவர், பாடநூல் ஒன்று, பள்ளி மணியும் ஒன்றே. அந்நாற்பதின்மருள் நால்வர் பாடத்தோடு ஒட்டாமல் நிற்கின்றனர். ஒருவன் கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாதவன். ஒருத்தி செவிப்புலன் குறைந்தவள். மூன்றாமவன் ஆண்டில் பாதி நாள் பள்ளிக்கு வராதவன். நான்காமவனுக்கோ கண்ணும் செவியும் செவ்வையாக உள்ளன. நாள் தவறாமலும் வருகின்றான். ஆயினும் எழுத்துகள் அவன் மனத்தில் நிற்பதில்லை. நால்வரையும் மந்தம் என்னும் ஒரே சொல்லால் அழைத்துக் கடைசி வரிசையில் அமர்த்திவிடுதல் எளிது. அவ்வாறே நெடுங்காலம் செய்தும் வந்தோம்.

முதலாமவனுக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. இரண்டாமவளுக்கு வேண்டியது கேள்கருவியும் முன்வரிசை இருக்கையும். மூன்றாமவனுக்கு வேண்டியது விட்டுப்போன பாடம். நான்காமவனுக்குத்தான் வேறு வழியில் கற்பிக்கும் சிறப்பாசிரியர் வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்று பிரித்தறிவது எங்ஙனம்? பிரிப்பவர் யார்? பிரிப்பதில் பிழை நேர்ந்தால் அப்பிள்ளையின் கதி யாது? இவ்வினாக்களை அரசின் முன்னும் ஆசிரியர் முன்னும் வைத்து, அவற்றிற்கு விடை தேடுவதிலேயே தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டவர் ஆல்பிரட் பினே. கல்வியியல் பயிலும் நம் மாணவர்க்கு அவர் பெயர் தெரியும். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து போகும் பெயர் அது. ஆனால் அவர் வாழ்க்கையை அறிந்தோர் மிகச் சிலரே. புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் பாரிசில் வாழ்ந்து உழைத்த அப்பெரியாரைப் பற்றிப் பிள்ளைச்சாவடியில் இருந்துகொண்டு எழுதுவது பொருத்தமே என எண்ணுகிறோம்.

பினே 1857ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நீஸ் நகரில் பிறந்தார். அந்நகர் அப்போது சார்தீனிய அரசின் கீழ் இருந்தது. 1860இல்தான் பிரான்சோடு இணைந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்தார். பாரிசுக்கு வந்து புகழ்பெற்ற லூயி லெ கிரான் பள்ளியில் பயின்று, 1878இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். வழக்குரைஞர் தொழில் மனத்துக்கு ஒட்டவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கி அதையும் முடித்தாரில்லை. பாரிசின் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியல் நூல்களைத் தாமே கற்றார். உளவியலில் அவருக்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை என்றே சொல்லலாம்.

பின்னாளில் குழந்தைகளைப் பற்றி எழுதிய நூலில் தம் மாணவப் பருவ நிகழ்ச்சி ஒன்றை அவர் குறிப்பிடுகிறார். ஆசிரியர் ஒருவர், மெய்யியல் சிந்தனை இவனுக்கு ஒருபோதும் வாராது என்று அவரைக் குறித்துத் தீர்ப்பளித்தாராம். ஒருபோதும் என்னும் அச்சொல்லின் கனம் ஆண்டுகள் பல கடந்த பின்னும் பினேயின் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆசிரியப் பெருமக்கள் வாயிலிருந்து எத்தனை எளிதாக உதிரும் சொல் அது!

1880களின் முற்பகுதியில் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்னும் பெருமருத்துவரிடம் பினே சேர்ந்தார். சார்க்கோ அந்நாளில் ஐரோப்பாவே வணங்கிய பேரறிஞர். அங்கே மனத்துயில் நிலையில் இருந்த நோயாளிகளிடம் பினேயும் பெரே என்பாரும் ஆய்வு செய்தனர். காந்தத்தை உடலின் அருகே கொண்டு சென்றால் நோய்க்குறி இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறும் என்று அவர்கள் அறிவித்தனர். பெல்ஜிய நாட்டறிஞர் தெல்பெஃப் நேரில் வந்து பார்த்தார். நோயாளிகளின் காதுபடவே ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பதைப் பேசிக்கொள்கின்றனர். நோயாளிகளும் அதையே செய்து காட்டுகின்றனர். காந்தத்துக்கு இதில் வேலையே இல்லை எனக் கண்டு எழுதினார். பினே முதலில் வாதாடினார். பின்னர்த் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1890 அளவில் அம்மருத்துவமனையை விட்டும் விலகினார்.

இத்தோல்வியைப் பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். எம் கருத்தில், பினேயின் பிற்காலப் பெருமைக்கெல்லாம் வித்து இதுவே. சோதிப்பவன் எதை எதிர்பார்க்கின்றானோ அதையே சோதிக்கப்படுபவன் காட்டிவிடக்கூடும் என்னும் அச்சம் அன்று அவருள் குடிபுகுந்தது. இறுதி வரை நீங்கவில்லை. ஆண்டுகள் சில கழித்துத் தலையின் அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டா என்று பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்தார். சிறந்த மாணவருக்கும் பின்தங்கியோருக்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடே கிடைத்தது. தம் எதிர்பார்ப்பே அளக்கும் கையைத் திருப்பியிருக்கலாம் என ஐயுற்று, அவ்வழியையே கைவிட்டார். கருத்தேற்றத்திற்கு மனிதர் எவ்வளவு எளிதில் ஆட்படுகின்றனர் என்பது பற்றி 1900இல் தனி நூலே எழுதினார்.

இனி அவர் இல்லத்துக்குள் நுழைவோம். 1884இல், கருவியல் அறிஞர் பால்பியானியின் மகள் லோரை மணந்தார். 1885இல் மதலேன், 1887இல் அலீஸ் எனப் பெண்மக்கள் இருவர் பிறந்தனர். அவ்விருவரும் நடை பழகிய விதத்தைக் கூடத் தந்தை கூர்ந்து நோக்கி எழுதி வைத்தார். மூத்தவள் நாற்காலியையோ மேசையையோ பற்றிக்கொண்டு, அடுத்த பிடி எங்கே என்று பார்த்த பிறகே அடி எடுத்து வைப்பாள். இளையவள் பிடி இருக்கிறதா என்று பாராமலே அறையின் நடுவில் தள்ளாடிச் செல்வாள், விழுவாள், மீண்டும் எழுவாள். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே உணவு, இரண்டு நடை. பதின்பருவத்தில் ஒரு பொருளைக் காட்டி எழுதச் சொன்னால் மூத்தவள் கண்டதை வரிசையாக எழுதுவாள். இளையவள் கற்பனையில் பறப்பாள். இச்சோதனைகளையெல்லாம் 1903இல் நூலாக வெளியிட்டார். வகுப்பு, வயது என்று பிள்ளைகளை மொத்தமாக எண்ணும் வழக்கத்திலிருந்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே பார்க்கும் வழக்கத்துக்கு அவர் வந்தது நூலகத்தின் வழியாக அன்று. தம் வீட்டுக் கூடத்தின் வழியாக.

1891இல் சோர்போன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்தில் ஊதியமின்றிச் சேர்ந்தார். 1894இல் பூச்சிகளின் நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்று, ஆய்வகத்தின் தலைமையையும் ஏற்றார். பிரான்சில் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதி வரை கிட்டவில்லை என்பது அந்நாட்டுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

1882இல் பிரான்சில் ஆறு வயது முதல் பதின்மூன்று வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. முன்பு பள்ளி வாயிலையே காணாத பிள்ளைகளும் வகுப்பறைக்குள் வந்தனர். அவர்களுள் சிலர் பாடத்தைத் தொடர இயலாமல் தவித்தனர். அவர்களை என்ன செய்வது என்று அறிய 1904இல் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் லெயோன் பூர்ழுவா, பினேயும் உறுப்பினர். முறையான கல்வியியல் சோதனையும் மருத்துவச் சோதனையும் செய்யாமல் எந்தப் பிள்ளையையும் பொதுப்பள்ளியிலிருந்து நீக்கிச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பலாகாது என்று குழு முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனால் எதைக் கொண்டு சோதிப்பது?

அக்கால மருத்துவர்கள் மனக்குறை உடையோரை மூன்று தரமாகப் பிரித்துப் பெயரிட்டிருந்தனர். ஒரே பிள்ளைக்கு வெவ்வேறு மருத்துவர் அளித்த சான்றுகளைப் பினே ஒப்பிட்டார். ஒருவர் கடைநிலை என்று எழுதிய பிள்ளையை மற்றொருவர் இடைநிலை என்று எழுதியிருந்தார். பள்ளிகளின் நிலையும் இதுவே. குறும்பு மிக்க பிள்ளையைத் தலைமறைவாக வெளியேற்றிவிட விரும்பும் தலைமையாசிரியரும் உண்டு; வீட்டுச் சுமை குறையட்டும் என்று எண்ணும் பெற்றோரும் உண்டு. இருவருக்கும் நடுவே பிள்ளைக்காகப் பேசுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது.

தெயோதர் சிமோன் என்னும் இளம் மருத்துவரைத் துணையாகக் கொண்டு, 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவையைப் பினே வெளியிட்டார். எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் படிக்கட்டு அது. எரியும் தீக்குச்சியைக் கண்கள் தொடர்கின்றனவா? சாக்லேட்டையும் மரத்துண்டையும் பிரித்தறிகின்றதா? மூக்கைத் தொடு என்றால் தொடுகின்றதா? மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுமா? இரு கோடுகளில் நீண்டது எது? கொடுத்த மூன்று சொற்களை வைத்து ஒரு வாக்கியம் அமைக்குமா? பார்த்த அளவில் இவை விளையாட்டுப் போலத் தோன்றும். படிப்பறிவைச் சோதிக்காமல், அறிந்துகொள்ளும் ஆற்றலைச் சோதிக்க வேண்டும் என்பதே நோக்கம். பள்ளிக்கே வராத பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. 1908இல் பாரிசின் தொடக்கப் பள்ளிகளில் பயின்ற இருநூறு பிள்ளைகளைப் போல் சோதித்து, மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரை எந்த வயதில் எதைச் செய்வர் என வரிசைப்படுத்தினார். 1911இல் மீண்டும் திருத்தினார்.

இவ்வளவையைப் பினே எவ்வாறு பயன்படுத்தச் சொன்னார் என்பதே நம் ஆசிரியர்கள் அறிய வேண்டுவது. முதற்கண், பாடத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றான் என்று பார்க்க வேண்டும். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை ஈராண்டு பின்தங்கியிருந்தால், அல்லது ஒன்பது கடந்த பிள்ளை மூவாண்டு பின்தங்கியிருந்தால் மட்டுமே ஐயம் கொள்ளலாம். அடுத்து, அவன் பள்ளிக்கு வந்த நாள்களைக் கணக்கிட வேண்டும். வராத காலத்துக்காக அவனைக் குறை கூறுதல் முறையன்று. கண்ணையும் காதையும் நோக்க வேண்டும். இவற்றால் காரணம் விளங்காத நிலையிலேயே அளவையை எடுக்க வேண்டும். அப்போதும் ஒரு பிள்ளையாகத் தனியறையில் அமர்த்தி, அன்பாகப் பேசி, அச்சம் தெளிந்த பின் வினவ வேண்டும். ஊக்கலாம், விடையை உணர்த்தும் குறிப்பு ஒன்றும் காட்டலாகாது. சல்பேத்ரியேரில் பட்ட பாடு இங்கே விதியாக வந்து நிற்பதைக் காண்க.

இன்னொன்று. தம் அளவை கோலைக் கொண்டு நீளத்தை அளப்பது போன்றதன்று. பிள்ளை இன்று எந்த நிலையில் நிற்கின்றது என்று மட்டுமே காட்டும் என்றார் பினே. அது ஏன் அங்கே நிற்கின்றது என்பதையோ, நாளை எங்கே நிற்கும் என்பதையோ அது சொல்லாது. அறிவு பிறவியில் இட்ட முத்திரை, மாறாது என்று கூறிய அறிஞர்களைக் கடுமையாக மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், மாற்றிக் காட்டவும் முனைந்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் தொடங்குமுன் கவனிக்கப் பழக்க வேண்டும் என்று, மன உறுப்புப் பயிற்சி எனத்தக்க முறை ஒன்றை வகுத்தார். ஆசிரியர் சைகை காட்டியதும் சிலைபோல் அசையாது நிற்றல் ஒரு விளையாட்டு. சில நொடிகள் காட்டி மறைத்த பொருள்களை நினைவிலிருந்து எழுதுதல் மற்றொன்று. நேற்றைவிட இன்று சிறிது கூடுதலாகச் செய்தேன் என்று பிள்ளை தானே காணும்படி அவை அமைந்திருந்தன. கால் ஊனமுற்றவனை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்திவிட்டுத் தோற்றான் என்று எழுதிக்கொள்ளும் பள்ளிகளுக்கு இது புதுமையாகவே இருந்திருக்கும்.

1909 ஏப்ரல் 15ஆம் நாள் பிரான்சில் மேம்பாட்டு வகுப்புகளுக்கான சட்டம் நிறைவேறியது. ஊராட்சிகள் விரும்பினால் தொடங்கலாம் என்று சட்டம் சொன்னதே தவிர, தொடங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே வகுப்புகள் சிலவே தோன்றின. 1911 அக்டோபர் 18ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில், பினே மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்ததே துயரம். 1912இல் செருமானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதைக் காலவயதால் வகுத்து ஓர் ஈவு காணலாம் என்றார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெர்மன் 1916இல் அதனை நூறால் பெருக்கி, நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணைப் பரப்பினார். நியூசெர்சி மாநிலத்து வைன்லாந்தில் கோடார்டு என்பார் பினேயின் அளவையை மொழிபெயர்த்தார். அறிவுக்குறை வழிவழி வருவது, மாறாதது என்னும் தம் கொள்கையையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைக் களைப்பும் கலக்கமும் தீருமுன்னரே சோதித்துக் குறையுடையோர் என்று எழுதினர். 1927இல் கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரும், அவர் தாயும், கைக்குழந்தையான மகளும் அறிவுக்குறை உடையோர் என்பதே காரணம். அச்சோதனையில் பினேயின் அளவையிலிருந்து பிறந்த அளவையும் இடம்பெற்றது. அம்மகள் பின்னர்ப் பள்ளியில் சேர்ந்து நன்மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயுற்று இறந்தாள். உதவி தேடிச் செய்த அளவுகோல் தண்டனைக் கோலாயிற்று.

பினேயின் அளவையிலும் குறை இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தில் தெக்ரோலி, தெகான் ஆகிய இருவரும் அதே அளவையால் பிரசெல்சு நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, அவர்கள் பாரிசின் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைவிட ஓராண்டுக்கு மேல் முன்னே நின்றனர். வீட்டுப் பேச்சும் வாழ்க்கை வளமும் விடைகளில் கலந்துவிடுகின்றன என்பதைப் பினே மறைக்காமல் ஏற்றார். இதனை நம் ஊர்க்குப் பொருத்திப் பார்க்கலாம். பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் வளரும் சிறுவன் வாடையையும் கொண்டலையும் சோழகத்தையும் மேனியில் படும்போதே பிரித்தறிவான். அதனை எந்த அளவையும் வினவுவதில்லை. நகரத்துப் பொருள்களின் படத்தைக் காட்டி வினவினால் அவன் விழிப்பான். அவ்விழிப்பு அறிவின் குறையா, அளவையின் குறையா?

இதனை உணர்ந்தே நம் நாட்டில் அளவையைத் திருத்தி அமைத்தனர். 1920களில் லாகூரில் ரைஸ் என்பார் இந்துத்தானி மொழிக்கு ஏற்ப அமைத்தார். 1930களில் தார்வாரில் வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்ப அமைத்தார். பினே-காமத் அளவை என்னும் பெயரால் அது தமிழகம் உள்ளிட்ட பல பகுதிகளிலும் பயன்பட்டு வருகிறது.

இன்று சட்டங்கள் வலுவாகவே உள்ளன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை எதற்கும் பள்ளியை மூடலாகாது என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது; முன்பு மந்தம் என்று ஒதுக்கப்பட்ட கற்றல் குறைபாடும், புற உலகச் சிந்தனையற்றவர் என்று அழைக்கப்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளும் அப்பட்டியலில் உண்டு. குறிப்பிட்ட அளவு குறைபாடுடைய பிள்ளை பதினெட்டு வயது வரை அருகமைப் பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலலாம். நம் ஊர் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கென 2005இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் இருக்கிறது. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் ஒன்றை எழுதுகின்றனர். 1975இல் அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்று உலகெங்கும் பரவிய முறை அது. பிள்ளை இன்று என்ன செய்கிறது, வரும் மாதங்களில் எதைக் கற்க வேண்டும், யார் கற்பிப்பது, என்று மீண்டும் பார்ப்பது என்பன அதில் இருக்கும். பெயர் புதிது, உள்ளே இருப்பது பினே சொன்னதே.

நம் ஊரின் பெயரை நோக்குங்கால் ஓர் எண்ணம் எழுகிறது. பெயர்க்காரணம் வேறாக இருக்கலாம். ஆயினும் பிள்ளைகள் தங்கிச் செல்லும் சாவடி என்று பொருள் கொண்டால் பள்ளிக்கூடத்திற்கு இதனினும் சிறந்த தமிழ்ப்பெயர் கிடைத்தல் அரிது. அச்சாவடியில் எந்தப் பிள்ளைக்கும் இடமில்லை என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் நடைமுறையில் நாம் காண்பது வேறு. பெற்றோர் பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சான்றிதழ் பெறுகின்றனர். அதில் ஓர் எண் இருக்கிறது. உதவித்தொகைக்கும், பேருந்துச் சலுகைக்கும், தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் சான்றிதழ் வேண்டும். ஆகவே அதனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் சோதித்த உளவியலாளரின் கையில் வேறு தாள்களும் உள்ளன. எந்த வினாவுக்குப் பிள்ளை தயங்காது விடை சொல்லியது, எங்கே தடுமாறியது, கேட்டதை மறந்ததா, பார்த்ததை மறந்ததா, எவ்வளவு நேரம் கவனித்தது என்பவை அவற்றில் இருக்கும். அத்தாள்கள் பெரும்பாலும் வகுப்பாசிரியரின் கைக்கு வருவதில்லை. எண் மட்டுமே வருகிறது. எண்ணைக் கொண்டு ஆசிரியர் என்ன பாடம் நடத்த இயலும்?

பினேயின் தோழர் சிமோன் நெடுங்காலம் வாழ்ந்து 1961இல் மறைந்தார். தாமும் தம் நண்பரும் சேர்ந்து ஆக்கிய அளவையை ஓர் ஈவாகச் சுருக்கியது அதன் நோக்கத்துக்கு இழைத்த துரோகம் என்று முதுமையிலும் அவர் வருந்தினார். நம் சமுதாயப் பெரியோர்கள், தம் தெருவில் உள்ள ஒரு தாய் சான்றிதழோடு திரும்பி வரும்போது, அந்தத் தாள்களின் படியையும் கேட்டு வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுக்கும்படி சொல்ல வேண்டுகிறோம்.